பாதி நேரம், பாதிச் சம்பளம் என்றார்கள். கைக்கு வந்தது 14,303

பிரசவ லீவு முடிந்து 2024 ஜனவரியில் பகுதி நேரமாக வேலைக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டில் எல்லோரும் போட்ட கணக்கு ஒன்றுதான். நேரம் பாதி, அதனால் சம்பளமும் பாதி. பிடித்தம் போக 33,840 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு எப்படியும் ஒரு பதினேழாயிரம் வந்துவிடும் என்று நம்பித்தான் நானும் சரி என்றேன். முதல் மாதம் அக்கவுண்டில் விழுந்தது 14,303. அடுத்த மாதம் நடந்ததைப் பார்த்தால் அதுவே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. என்னைப் போலத் தனியார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு இப்போது வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறவர்களுக்கு உதவுமே என்று வரிசையாகச் சொல்கிறேன். எங்கள் சம்பளத்தையெல்லாம் வெளியே சொல்வதா என்று வீட்டுக்காரர் தயங்கினார். தொகை இல்லாமல் இதைச் சொன்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

நாங்கள் கோவையில் இருக்கிறோம். நான் பம்ப் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். சேர்ந்து நான்கரை வருஷம் ஆகியிருந்தது. மொத்தச் சம்பளம் 36,000, அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 18,000. வீட்டுக்காரர் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர், 32,000. ரெண்டு பேர் பேரிலும் வீட்டுக்கடன், மாதம் 14,500 இ.எம்.ஐ. ஆளுக்குப் பாதி என்று பேச்சு. தலைப்பிரசவம் என்பதால் உடுமலையில் அம்மா வீட்டில். சிசேரியன், பில் 85,000 ஆனது. என் கம்பெனி குரூப் இன்சூரன்ஸில் பிரசவத்துக்கு 50,000 வரைதான் உண்டு, மீதியை அப்பா கட்டினார். வளைகாப்பு, பேர் வைக்கிற சீர் என்று அவருக்கு ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த வருஷம் அது.

லீவுச் சம்பளத்திலேயே முதல் இழுபறி. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பளத்தோடு லீவு. பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம். அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். (என் நாத்தனார் அரசுப் பள்ளி டீச்சர். அவருக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். அந்தப் பேச்சை எடுத்தால் வயிறு எரியும், விடுங்கள்.) எங்கள் கம்பெனியில் நாலு மாதம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, கடைசி ரெண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள். “நீங்க திரும்பி வந்ததும் சேர்த்துப் போடுறோம்.” வராமல் போய்விடுவேனோ என்கிற பயம் அவர்களுக்கு. ஆனால் பிரசவத்துக்கு அப்புறமான காலத்துக்கு உரிய பணத்தை, குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் கொடுக்கணும் என்றுதான் சட்டம். திரும்பி வந்தால்தான் என்று நிபந்தனை போட இடமே இல்லை. சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு மெயில் போட்டேன். அதற்கும் மூன்று வாரம் ஆனது. அந்த ரெண்டு மாதமும் இ.எம்.ஐ.யை வீட்டுக்காரர் ஒருத்தரே கட்டினார். குழந்தைக்கென்று பிரித்து வைத்திருந்த பணம் அதில் கரைந்தது. லீவு போடும் முன்பே எந்தெந்தத் தேதியில் எவ்வளவு வரும் என்று மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள். பால் கொடுத்துக்கொண்டு, தூக்கமில்லாமல், எச்.ஆரோடு மல்லுக்கட்டத் தெம்பு இருக்காது.

ஏன் பகுதி நேரம் என்றால், முழுநாள் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி, தவழப்போகிற குழந்தையை நாள் முழுக்கப் பார்க்க முடியாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்கணும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் எழுபது பேருக்கு மேல். கேட்டால் “ஏற்பாடு நடந்துக்கிட்டிருக்கு” என்பார்கள். இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். லீவு முடிந்ததும் பகுதி நேர வேலை கேட்கிற உரிமை இந்தச் சட்டத்தில் கிடையாது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி இருக்கிறது, அதுவும் ரெண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான். ஆகவே பகுதி நேரம் என்பது முழுக்க முழுக்கப் பேரம். அந்த நினைப்போடு போய் உட்காரணும். நானோ தயவு கேட்கிற மாதிரி போய் நின்றேன்.

எச்.ஆர். ரெண்டு வழி சொன்னார். ஒன்று, வேலையை ராஜினாமா செய்துவிட்டு ‘கன்சல்டன்ட்’ என்று மறுபடி சேர்வது, மாதம் 20,000. இன்னொன்று, அதே வேலையில் அரைநாள், பாதிச் சம்பளம். இருபதாயிரம் பெரிதாகத் தெரியும். ஆனால் கன்சல்டன்ட்டுக்கு பி.எஃப். கிடையாது, கம்பெனி போடுகிற பங்கும் போச்சு. இன்சூரன்ஸ் கிடையாது. சம்பளத்தோடு லீவு கிடையாது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தால் அன்றைய பணம் போனது போனதுதான். பத்து சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) பிடித்துக்கொண்டு 18,000தான் கையில் வரும். பிடித்ததை ரிட்டர்ன் தாக்கல் செய்து அடுத்த வருஷம் திரும்ப வாங்கலாம், ஆனால் இந்த மாதப் பால் டின்னுக்கு அது உதவாது. எல்லாவற்றையும் விட, ஐந்து வருஷம் முடிய ஆறு மாதம் இருந்தபோது ராஜினாமா செய்தால் கிராஜுட்டி, அதாவது ஐந்து வருஷம் முடித்தவர்களுக்குக் கம்பெனி கொடுக்கிற பணிக்கொடை, சுத்தமாகப் போய்விடும். அப்போதைய விதிப்படி பேசிக்கை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷங்களால் பெருக்கணும். என் கணக்குக்கு ஐந்து வருஷத்துக்கு அது 51,923 ரூபாய். இந்தக் கணக்கைப் போட அக்கவுண்ட்ஸ் வேலை எனக்குக் கைகொடுத்தது. பேப்பரை நகர்த்தி, அரைநாள் போதும் என்று சொன்னேன்.

இப்போது அந்த 14,303 எப்படி வந்தது என்று பார்க்கலாம். என் 36,000-க்குள்ளே போக்குவரத்துப் படி 3,000, அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ் 2,000 இருந்தது. அரைநாள் ஆளுக்கு இது ரெண்டும் பொருந்தாது என்று அடியோடு எடுத்துவிட்டார்கள். மீதி 31,000-இல் பாதி, 15,500. பி.எஃப். 1,080 போனது. அதற்கும் கீழே, நான் அதுவரை என் சிலிப்பில் பார்த்தே இராத ஒரு வரி: இ.எஸ்.ஐ. (குறைந்த சம்பளக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) 117. சம்பளம் மாதம் 21,000-க்குக் கீழே இறங்கினால் இ.எஸ்.ஐ.க்குள் வந்துவிடுவோம், நம் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. நூத்திப் பதினேழு ரூபாய்தானே என்று விட்டுவிட்டேன். அந்த வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது பிப்ரவரியில்தான் தெரிந்தது.

சம்பளம் பாதிக்கும் கீழே போனது. செலவு எதுவும் பாதியாகவில்லை. வீட்டுக்குப் பக்கத்துக் காப்பகத்தில் முழுநாளுக்கு 8,500, அரைநாளுக்கு 6,500. நீங்கள் மதியம் கூட்டிக்கொண்டு போனாலும் அந்தத் தொட்டிலை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது என்பது அவர்கள் நியாயம். கம்பெனி பஸ் காலையில் ஏற்றிக்கொண்டு போகும், மதியம் ஒன்றரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடாது. பிங்க் கலர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது ஒரு பெரிய ஆறுதல். ஆனால் அந்த நேரத்தில் அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மார்பு கனத்துக் குர்தா நனையத் தொடங்கிய பிறகு பஸ் ஸ்டாப்பில் எவ்வளவு நேரம் நிற்பது? பாதி நாள் ஆட்டோதான், மாதம் 1,800 ஆனது. ரெண்டையும் கழித்தால் என் கையில் நின்றது 6,003 ரூபாய். இ.எம்.ஐ.யில் என் பங்கே 7,250.

“ஏங்கண்ணு, இந்த ஆறாயிரத்துக்கா பச்சப்புள்ளைய விட்டுப்போட்டுப் போற?” என்று அத்தை கேட்டார். அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அன்று ராத்திரி அழுதேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தக் கணக்கே தப்பு. காப்பகச் செலவை ஏன் என் சம்பளத்தில் மட்டும் கழிக்கணும்? குழந்தை ரெண்டு பேருக்கும்தானே? வீட்டுக்காரர் வேலைக்குப் போவதற்கும் அந்தக் காப்பகம்தான் வழிசெய்கிறது. வாடகை, மளிகை எல்லாம் குடும்பச் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்கிற செலவு மட்டும் அம்மாவின் சொந்தச் செலவு என்று எல்லா வீட்டிலும் எழுதாத கணக்கு ஒன்று ஓடுகிறது. நிறையப் பேர் “என் சம்பளம் ஆயாவுக்கே போயிடுது” என்று வேலையை விடுவது இந்தக் கணக்கால்தான். நான் விட்டிருந்தால் போயிருக்கக்கூடியது அந்த ஆறாயிரம் மட்டுமல்ல. பி.எஃப்.பில் என் 1,080-ம், கம்பெனி போடுகிற இன்னொரு 1,080-ம், கிராஜுட்டியும், மூன்று வருஷம் கழித்து வேலை தேடும்போது கேட்கப்போகிற ‘நடுவுல ஏன் கேப்?’பும் சேர்த்துத்தான்.

பிப்ரவரி கடைசியில் குழந்தைக்கு மூச்சிழைப்பு. காப்பகத்தில் சேர்த்த முதல் சில மாதங்களுக்குச் சளி மாறி மாறி வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கு ராத்திரி விலா உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆக்சிஜன், நெபுலைசர், சில நாள் அட்மிஷன். பில் 38,000. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கம்பெனி கார்டைக் கொடுத்தேன். அந்தப் பெண் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், இந்த மெம்பர் ஜனவரியிலேயே டெலீட் ஆயிருக்கு” என்றார். நான் இ.எஸ்.ஐ.க்குள் வந்துவிட்டதால் குரூப் பாலிசியிலிருந்து என்னையும் குழந்தையையும் எடுத்துவிட்டார்களாம். எடுத்ததை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இ.எஸ்.ஐ.யிலாவது பெயர் இருக்கிறதா என்றால், எனக்கு நம்பர் போட்டிருந்தார்கள், குடும்ப விவரம் ஏற்றவே இல்லை. எச்.ஆருக்கு போன் செய்தால், “அது ஆட்டோமேட்டிக்கா நடக்கறது, பாலிசி அப்படி” என்றார். கோபத்தில் கை நடுங்கியது. ஆனால் கையில் சலைன் ஊசியோடு படுத்திருக்கிற குழந்தையின் பக்கத்தில் நின்று எவ்வளவு சத்தம் போட முடியும்?

இ.எஸ்.ஐ. மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பெரிய ஆபரேஷனே கைக்காசில்லாமல் செய்துகொண்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். சொல்ல வந்தது இதுதான்: பழைய பாதுகாப்பு எந்தத் தேதியில் முடிகிறது, புதியது எந்தத் தேதியில் தொடங்குகிறது, அதில் குழந்தை பெயர் இருக்கிறதா என்பதை வேலை மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். இ.எஸ்.ஐ. என்றால் முதல் நாளே ஆதார், குடும்ப போட்டோ கொடுத்து இ-பெஹ்சான் என்கிற இ.எஸ்.ஐ. அடையாள அட்டையில் பெயர் சேர்த்துவிடுங்கள். முடிந்தால் கம்பெனியை நம்பாமல் குடும்பத்துக்கென்று ஒரு தனி பாலிசி கல்யாணமான கையோடு போட்டுவிடுங்கள். பிறந்த குழந்தையைப் பெரும்பாலான தனி பாலிசிகளில் 90 நாள் கழித்துத்தான் சேர்ப்பார்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருப்பு வைக்கலாம். அவசரம் வந்த பிறகு போடுகிற பாலிசி அந்த அவசரத்துக்கு உதவாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனி பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. நாங்கள் போட்டபோது பதினெட்டு சதவீதம் கட்டினோம்.

38,000-க்கு ரெண்டு வழி இருந்தது. அத்தை கட்டிவந்த ஏலச் சீட்டைத் தள்ளி எடுப்பது, இல்லாவிட்டால் நகையை வைப்பது. சீட்டு ஆரம்ப மாதங்களில் இருந்தது, அப்போது எடுத்தால் கழிவே பெருந்தொகை போகும். என் கல்யாண வளையல் ரெண்டைக் கூட்டுறவு பேங்கில் வைத்தோம். தெரிந்த அடகுக்கடையில் கேள்வி கேட்காமல் உடனே கொடுப்பார்கள், ஆனால் வட்டி மாதக் கணக்கில் ஏறும். ஒரு நாள் தாமதமானாலும் பேங்க்தான் மேல். வளையல் இல்லாத கையோடு ஒரு விசேஷத்துக்குப் போனபோது, “எங்கம்மிணி வளையல்?” என்று நாலு பேர் கேட்டார்கள். பிள்ளை நகத்தால் கீறிக்கொள்வாள் என்று கழட்டி வைத்திருக்கிறேன் என்றேன்.

அந்த மாதம்தான் நாங்கள் ரெண்டு பேரும் முதல் தடவையாக உட்கார்ந்து ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினோம். அதுவரை அவர் சம்பளம் அவருடையது, என் சம்பளம் என்னுடையது, நடுவில் இ.எம்.ஐ. மட்டும் பொது. செலவுக்கு அவரிடம் கேட்க எனக்குக் கூச்சம். ஜனவரியில் டயப்பர் வாங்க அப்பாவிடம் ஜிபே செய்யச் சொல்லியிருக்கிறேன், வீட்டுக்காரருக்குத் தெரியாமல். நோட்டில் எழுதியபோது அதுவும் வெளியே வந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஏம்மா, எங்கிட்ட கேக்கறதுக்கென்ன” என்றார். “கேக்கறதே ஒரு மாதிரியா இருக்குங்க” என்றேன். அன்றிலிருந்து ரெண்டு சம்பளமும் ஒரே அக்கவுண்டுக்கு வந்து, அங்கிருந்து ஆளுக்கு 3,000 கேள்வியில்லாத கைச்செலவு என்று பிரித்தோம். இ.எம்.ஐ. ஐந்தாம் தேதி, அவர் சம்பளம் ஏழாம் தேதி. முன்பு என் சம்பளம் முதல் தேதியே வந்து அந்த இடைவெளியை மூடிக்கொண்டிருந்தது. பேங்கில் எழுதிக்கொடுத்துத் தேதியைப் பத்துக்கு மாற்றினோம். ஒரு தவணை திரும்பினாலும் அபராதம் ஒரு பக்கம், சிபில் ஸ்கோர் ஒரு பக்கம் அடிவாங்கும். திரும்பும் முன்பே போய்க் கேட்டால் பேங்கில் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள்.

அதற்கப்புறம் எச்.ஆரிடம் இன்னொரு முறை போனேன். இந்த முறை கையில் ஒரு தாள். அரைநாள் வேண்டாம், காலை ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை ஆறு மணி நேரம் பார்க்கிறேன், எட்டு மணி நேரத்துக்கு 36,000 என்றால் இதற்கு 27,000. குறைப்பதைப் படிகளில் குறையுங்கள், பேசிக் 18,000-ஐத் தொடாதீர்கள். இதில்தான் விஷயம் இருக்கிறது. அப்போது கிராஜுட்டி கடைசியாக வாங்கிய பேசிக்கை வைத்துத்தான் கணக்கானது. பேசிக் 9,000-ஆக இருக்கும்போது வேலையை விட்டால், முழுநேரம் உழைத்த வருஷங்களுக்கும் சேர்த்து 9,000-த்தின் மேல்தான், அதாவது 51,923 பாதியாகி 25,961. பி.எஃப்.பும் அப்போது பேசிக்கைப் பொறுத்துத்தான் இருந்தது. இதை அவர்களாகச் சொல்லவே மாட்டார்கள். அதோடு, இது ஒரு வருஷத்துக்கு மட்டும், 2025 ஏப்ரலில் முழுநேரத்துக்குத் திரும்புவேன், நடுவில் சர்வீஸ் துண்டிக்காது என்று கடிதத்தில் வரணும் என்றேன். ஆடிட் சமயம், ஜி.எஸ்.டி. வேலை எல்லாம் என் தலையில் இருந்தது. மார்ச் மாதம் அக்கவுண்ட்ஸ் ஆளைக் கை கழுவ எந்த முதலாளிக்கும் தைரியம் வராது. பேரம் பேசுகிற மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்துக்கொண்டார்கள். ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து என்று கேட்டதற்கும் காரணம் இருந்தது. இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ரெண்டு பங்களிப்புக் காலம். நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடரும். ஏப்ரலில் மாறியதால் அந்த இழுவை இல்லை, குரூப் பாலிசியில் எங்கள் பெயரும் மறுபடி ஏறியது. ஏறியதற்கான இ-கார்டு மெயிலில் வந்த பிறகுதான் புதுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். கைக்கு 24,840 வந்தது. காப்பகம் முழுநாள் கட்டணம் ஆனது, ஆட்டோ நின்றது, ஏனென்றால் மூன்றரைக்கு முதல் ஷிஃப்ட் பஸ் இருக்கிறது. அரைநாளுக்கும் ஆறு மணி நேரத்துக்கும் ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம், மாதம் பத்தாயிரம் வித்தியாசம். வளையலை ஆவணிக்குள் மீட்டோம்.

கடைசியாக ஒன்று. உமாங் என்கிற அரசு ஆப்பில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து லீவு மாதங்களுக்கும் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு, நிறுத்தி வைத்த அந்த ரெண்டு மாதத்துக்கும் ஏறவில்லை, சொல்லித்தான் போட வைத்தேன். அப்படியே பி.எஃப்.புக்கு நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெயரைப் போட்டிருந்தேன். கல்யாணமாகிக் குடும்பம் என்று ஆனதும் அந்த நியமனம் செல்லாது, புதிதாகப் போடணுமாம். வீட்டுக்காரர் பெயரையும் குழந்தை பெயரையும் சேர்க்க, ஆதாரும் போட்டோவும் கையில் இருந்தால், பத்து நிமிஷ வேலை. குழந்தையின் போட்டோவில் கண் திறந்திருக்கணும், அதற்குத்தான் எங்களுக்கு ஒரு முழு சாயங்காலம் ஆனது.